மூணாவது மாடித் தூங்குமூஞ்சி

ஜனவரி 11

என் செல்லத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுறேன். கழுத்து வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்ல. நீ எப்படி இருக்க, உன் வீட்டுக்காரருக்கு இருமல் நின்னுச்சா, உன் பொண்ணு வாலு ஒழுங்காச் சாப்பிடுறாளா? உன் முதுகு வலிக்கு டிரைவர் சீட்டை மாத்தித் தரோம்னு பஸ் டிப்போவுல சொன்னாங்களே, மாத்தினாங்களா?

போன்ல நீ பேசிக்கிட்டே இருக்க, நான் 'உம்' மட்டும் கொட்டுறேன்னு கோவிச்சுக்கிட்டு, இனிமே காகிதத்துல எழுதினாத்தான் பதில்னு சட்டம் போட்டுட்ட. சரி, கட்டுப்படுறேன். வீடு முழுக்கத் தேடி மூணு பேனா எடுத்தேன், அதுல ஒண்ணுதான் எழுதுது.

இங்க நிலைமை சரியில்ல. எங்க கார்ட்டூன் மின்மினிப் பட்டாளம் டி.வி.யில பன்னிரண்டாவது தொடர் ஓடிக்கிட்டிருக்கு. வருஷத்துக்கு ஒரு தொடர், பன்னிரண்டுக்கும் கதைக்குழுத் தலைவி நான்தான். முதல் தொடர்ல மழைக்குப் பயப்படுற பேசுற குடை வந்துச்சு. குழந்தைங்க எல்லாம் வெயில்லயும் குடை பிடிச்சுக்கிட்டு அலைஞ்சுதுங்க. ரெண்டாவதுல பேசுற தொப்பி. மூணாவதுல பேசுற ஷூ. அப்புறம் பை, கைக்கடிகாரம், பென்சில் டப்பா. இந்த வருஷம் திரும்பவும் குடை, கலர் மட்டும் ரோஸ். அஞ்சு பொண்ணுங்க, அஞ்சு கலர், சுத்திச் சுத்தி உடை மாத்துற ஒரு நிமிஷக் காட்சி. அந்த ஒரு நிமிஷத்தை ஏழாவது தொடர்லேருந்து அப்படியே எடுத்து, முடியை மட்டும் வேற கலர் அடிச்சு ஓட்டுறோம். யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நெனச்சோம். எட்டு வயசுப் பொண்ணு ஒருத்தி எங்களுக்குக் கடிதம் போட்டிருக்கா: 'அப்பவும் இடது கால் சாக்ஸ் இறங்கியிருந்துச்சு, இப்பவும் இறங்கியிருக்கு. அந்த அக்காவை இழுத்து விட்டுக்கச் சொல்லுங்க.'

நாங்க மட்டும் இல்ல, மந்திர சக்தி உள்ள சிறுமிகளை வெச்சு அனிமே கார்ட்டூன் எடுக்கிற எல்லாருக்கும் இதே கதிதான். பக்கத்து ஸ்டுடியோக்காரங்க ஒரு வருஷம் கதாநாயகியை அழ வெச்சு ஜெயிச்சாங்க. மறு வருஷத்துலேருந்து எல்லா ஸ்டுடியோவுலயும் ஒரே அழுகை.

பணம் போடுற பொம்மைக் கம்பெனிக்காரர் தயாரிப்புக் கமிட்டியில தீர்மானமாச் சொல்லிட்டார். பதிமூணாவது நெஜமாவே புதுசா இருக்கணும், ஏப்ரல் கடைசிக்குள்ள கதை வரணும், இல்லேன்னா பட்டாளத்தை இதோட கலைச்சிடலாம்னார். ஸ்டுடியோவுல நாப்பது பேர் இருக்கோம். எல்லாரும் என் முகத்தையே பாக்குறாங்க.

அது கெடக்கட்டும். நாம சின்ன வயசுல அந்தப் பழைய வீட்டுல விளையாடினது, நீ உளறினது, இதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கா? அம்மாவும் போயாச்சு, கேட்க வேற ஆள் இல்ல. சும்மாதான் கேட்கிறேன். தோணுறப்ப எழுது.

வாலுக்கு ரெண்டு கன்னத்துலயும் முத்தம்.

உன் அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க மூணு பேரும் சுகம். இருமல் நின்னுடுச்சு, குறட்டை நிக்கல. சீட்டை மாத்தல, ஒரு தலகாணி கொடுத்தாங்க. உன் கழுத்துக்குச் சுடுதண்ணி ஒத்தடம் கொடு, சும்மா மாத்திரையை முழுங்காத.

இதைக் கடைசி ஸ்டாப்புல வண்டியை நிறுத்திட்டு, ட்ரிப் ஷீட்டுக்குப் பின்பக்கம் எழுதுறேன். பதினெட்டு நிமிஷம் இருக்கு. டயம் கீப்பர் டீ குடிக்கப் போனா இருபத்தஞ்சு.

வாலு உன் தொடரைப் பாக்குறா, ஆனா பாக்குற விதமே வேற. முதல் பாகம் முடிஞ்சதும் நோட்டுல எழுதி வெச்சா: பதினொண்ணாவது பாகத்துல குடை காணாமப் போகும், இருபதாவதுல கெட்டவ நல்லவளாயிடுவா, கடைசியில எல்லாரும் கையைக் கோத்துக்குவாங்க. இதுவரைக்கும் எழுதினதுல ஒண்ணுகூடத் தப்பல. பெரியம்மாவுக்கு எழுதவான்னு கேட்டா. பெரியம்மா பாவம், விட்டுடுன்னு சொல்லிட்டேன்.

ஞாபகமா? பீரோக் கண்ணாடி ஞாபகம் இருக்கு. அதுக்குள்ள இருக்கிற பொண்ணு நான் இல்ல, அவ வேற, என்னைவிட ஒரு நொடி லேட்டாத்தான் திரும்புறான்னு நான் சாதிப்பேன். நீ அந்தக் கண்ணாடி முன்னாடி நின்னு தலை வாரிக்கிட்டே, 'லூசு, தள்ளு'ம்ப. நான் தள்ளி நின்னு, அவ எப்ப அசந்து போவான்னு ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே இருப்பேன். அவ்வளவுதான்.

வண்டியை எடுக்கணும். உடம்பைப் பாத்துக்கோ.

உன் தங்கச்சி

பிப்ரவரி 2

பஸ் ராணிக்கு,

உன் காகிதம் கிடைச்சு நாலு தடவை படிச்சேன். நாங்க இங்க சௌக்கியம்னு எழுத ஆசைதான், ஆனா நான் ஒருத்திதானே இருக்கேன். ஒத்தடம் கொடுத்தேன், தேவலை.

கண்ணாடிப் பொண்ணு எனக்கும் நல்லா ஞாபகம் இருக்கு. அவளைப் பத்தி இன்னும் எழுதேன். அவளுக்குப் பேர் வெச்சிருந்தியா? அவ போட்டிருந்த சட்டை என்ன கலர்? ஒரு நொடி லேட்டாத் திரும்புறவ எப்பவாவது ஒரு நொடி முன்னாடி திரும்பினாளா? அவளுக்கு யாராவது எதிரி உண்டா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ன இருந்துச்சுன்னு நீ சொன்ன மாதிரி ஞாபகம். யோசிச்சுப் பாரு, அவசரமில்ல. இந்த மாசத்துக்குள்ள எழுதினாப் போதும்.

வாலுவோட நோட்டைப் பத்தி எழுதியிருந்த. சிரிச்சேன். அப்புறம் சிரிக்க முடியல.

எல்லாரையும் விசாரிச்சதாச் சொல்லு.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத லேட்டாயிடுச்சு. உடம்புக்கு ஒண்ணுமில்ல, ஷிஃப்ட் மாத்திட்டாங்க, அவ்வளவுதான். வாலுக்குப் பல் ஒண்ணு விழுந்துச்சு. நீ எப்படி இருக்க?

கண்ணாடிப் பொண்ணைப் பத்தி வேற ஒண்ணும் ஞாபகம் இல்ல.

ஆனா இன்னொருத்தி ஞாபகம் வந்தா. மூணாவது மாடியில ஒரு பொண்ணு இருந்தாளே, நாமகூட 'தூங்குமூஞ்சி'ன்னு கூப்பிடுவோமே. அம்மா தையல் கம்பெனியிலேருந்து துவண்டு போய் வந்து உக்காருவா. அந்தப் பொண்ணு சத்தமில்லாம வந்து அம்மா தோள்ல கையை வெப்பா. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். அம்மா எழுந்து முகம் கழுவிட்டு, பாட்டு முணுமுணுத்துக்கிட்டே அடுப்பைப் பத்த வெப்பா. அந்தப் பொண்ணு நம்ம பாயிலயே சுருண்டு விழுந்து தூங்கிடுவா. அம்மாவோட அசதியை அவ வாங்கிக்கிட்டான்னு நாம பேசிக்குவோம். எட்டு மணிக்கு அவங்க அம்மா வந்து கூட்டிக்கிட்டுப் போவாங்க.

உனக்கு ஞாபகம் இருக்கா?

உன் தங்கச்சி

மார்ச் 21

என் தங்கமே,

நான் ரொம்ப நல்லா இருக்கேன், கழுத்துகூட வலிக்கல. நீங்க எல்லாரும் சுகமாத்தானே இருக்கீங்க? வாலுவோட பல்லைப் பத்திரமா எடுத்து வை.

மறப்பேனா அவளை? மஞ்சள் பாவாடை, எண்ணெய் வெக்காத முடி. இப்பவும் கண்ணு முன்னாடி நிக்குறா. ஆனா நீ ஒண்ணு தப்பா எழுதியிருக்க. அவங்க அம்மா எங்க வந்தாங்க? நாமதானே தூக்கிட்டுப் போய் விட்டோம். நான் தோள் பக்கம், நீ கால் பக்கம். படி திரும்புற இடத்துல ஒரு தடவை அவ தலை சுவத்துல இடிச்சும் அவ முழிக்கல. நாம ரெண்டு பேரும் அங்கயே உக்காந்து சிரிச்சோம். தூக்கிட்டுப் போறப்பதான் நாம வீட்டுல பேச முடியாததை எல்லாம் பேசிக்குவோம். அவ தூங்குறா, கேக்க மாட்டான்னு தைரியம். நீ சின்னப் பொண்ணு, மறந்திருப்ப.

இன்னும் என்னென்ன தெரியும் அவளைப் பத்தி? எதையும் விடாம எழுது. தபாலைப் பாத்துக்கிட்டே இருப்பேன்.

அக்கா

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

எல்லாரும் நலம்தான். நீயும் அப்படியே இரு.

நீ எழுதினதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன். சரி, உனக்குத்தான் என்னைவிட ஞாபகம் ஜாஸ்தி போல.

அவ யாரோட அசதியை வாங்கிக்கிட்டாலும், தூக்கத்துல அவங்க கனவுதான் அவளுக்கு வரும். அம்மா அசதியை வாங்கின அன்னிக்கு ஊசியும் நூலுமாக் கனவு கண்டதாச் சொன்னா. கீழ் வீட்டு எலக்ட்ரீஷியன் அசதியை வாங்கின அன்னிக்கு, கம்பத்து மேல உக்காந்து ஊரைப் பாத்தாளாம். கேட்டாத்தான் வாங்குவா, கேக்காம யார் மேலயும் கை வெக்க மாட்டா. கெட்டவங்க அசதியைக்கூட வாங்கியிருக்கா. 'அசதி போனா பாதிப் பேர் கெட்டவங்களா இருக்க மாட்டாங்க'ன்னு ஒரு தடவை சொன்னா.

இதெல்லாம் உனக்கு எதுக்குன்னு கேக்கலாமா?

தங்கச்சி

மே 9

அன்புத் தங்கச்சிக்கு,

மூணு பேரும் சுகம்னு நம்புறேன். நான் சுகம், அதுக்கும் மேல.

கமிட்டி பதிமூணாவது தொடரை ஏத்துக்கிட்டாங்க. நான் கதையைச் சொல்லி முடிச்சதும் எல்லாரும் குனிஞ்சு காகிதத்தையே பாத்தாங்க. போச்சு, எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் டைரக்டர் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சார். படம் வரையுறவங்கள்ல ஒருத்தி எழுந்து வந்து என்னைக் கட்டிக்கிட்டா. அஞ்சு கலர் கிடையாது, உடை மாத்துற காட்சி கிடையாது. ஒருத்திக்குத்தான் சக்தி. அவ தூங்கி விழுந்ததும் மத்த நாலு பேரும் அவளைத் தூக்கிக்கிட்டு வீடு வரைக்கும் நடக்கணும். ஒவ்வொரு பாகத்துலயும் கடைசி மூணு நிமிஷம் அந்த நடைதான். பத்து வருஷத்துல இப்படி ஒண்ணு வரலன்னு எல்லாரும் சொல்றாங்க. பொம்மைக் கம்பெனிக்காரர் மட்டும், 'தூங்குற பொண்ணை வெச்சு நான் எதை விக்கிறது'ன்னு தலையைச் சொறிஞ்சார். அரை மணி கழிச்சு அவரே 'தலகாணி'ன்னார்.

ஒரு பத்திரிகையிலேருந்து வந்து பேட்டியும் எடுத்துக்கிட்டுப் போனாங்க.

நம்ம தூங்குமூஞ்சியைக் கொஞ்சம் எடுத்துக்கிட்டேன், உனக்கே புரிஞ்சிருக்கும். நீ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டியே? அவ நம்ம ரெண்டு பேருக்கும் பொதுதானே.

சந்தோஷத்துல கை ஓட மாட்டேங்குது. உடனே பதில் போடு.

அக்கா

ஜூன் 27

அக்காவுக்கு,

எங்க வீட்டுல எல்லாரும் நலம். உன்னைப் பத்திரிகைப் போட்டோவுல பாத்தேன், முகம் தெளிஞ்சிருக்கு.

இதை மூணு தடவை எழுதிக் கிழிச்சேன். இது நாலாவது.

மூணாவது மாடியில அப்படி ஒரு பொண்ணே கிடையாதுக்கா. நம்ம கட்டடத்துக்கு மூணாவது மாடியே கிடையாது. நாம இருந்தது ரெண்டாவது மாடி, அதுக்கு மேல தண்ணித் தொட்டி. அவளைத் தூக்கிட்டுப் போய்த் தொட்டியிலயா போட்டோம்?

நீ கண்ணாடிப் பொண்ணோட சட்டை என்ன கலர்னு கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு. அக்கா ஆசையாக் கேக்கல, வேலைக்குக் கேக்குறான்னு. ஒரு மாசம் பேனாவைத் தொடல. அப்புறம் ஒரு வீம்புல, இல்லாத ஒருத்தியை எழுதிப் போடுவோம், என்ன சொல்றா பாப்போம்னு எழுதினேன். 'அப்படியா, எனக்கு ஞாபகம் இல்லையே'ன்னு நீ எழுதியிருந்தா, அடுத்த காகிதத்துலயே சிரிச்சுக்கிட்டு உண்மையைச் சொல்லியிருப்பேன். நீ 'மறப்பேனா'ன்னு எழுதின. பாவாடைக் கலர் வரைக்கும் சொன்ன.

அவ எங்கேருந்து வந்தான்னு சொல்றேன். சாயங்காலம் அஞ்சே முக்கால் ட்ரிப். மேல இருக்கிற கண்ணாடியில பாத்தா வரிசையாத் தலைங்க ஆடும். ஆஸ்பத்திரி நர்ஸ், சிமெண்ட் அப்பின கையோட ஒருத்தர், துணிக்கடையில நாள் பூரா நின்ன பொண்ணுங்க. சில பேரை ஸ்டாப் வந்ததும் நான்தான் கூப்பிட்டு எழுப்புவேன். இவங்க அசதியை யாராவது ஒரு அரை மணி வாங்கி வெச்சுக்கிட்டா என்னன்னு தோணும். பதினாலு வருஷமா ஓட்டுறேன், தினம் தோணும். அதைத்தான் உனக்கு எழுதினேன். அது என்னோடது.

குடையும் என்னோடது. முதல் தொடர் வந்த புதுசுல, பல் டாக்டர்கிட்ட காத்துக்கிட்டிருந்தப்ப உன் பேட்டியைப் படிச்சேன். 'ஒரு மழை நாள்ல ஜன்னலோரம் நின்னப்ப எனக்குத் தோணினது'ன்னு சொல்லியிருந்த. குடைக்கு மழைன்னா பயம், அதான் மூலையில சுருண்டு நிக்குதுன்னு ஏழு வயசுல உனக்குச் சொன்னது நான். நீ சொல்லுவ, சொல்லுவன்னு பாத்தேன். அன்னிக்குப் பல்லைப் பிடுங்கினாங்க. வாய் நிறையப் பஞ்சு, அதனால நான் அழுததை யாரும் தப்பா நெனைக்கல.

கோபம் இல்லன்னு சொன்னா அது பொய். பன்னிரண்டு வருஷமா இருக்கு, செருப்புக்குள்ள சின்னக் கல்லு மாதிரி. நடந்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

எனக்குப் பணம் வேண்டாம். குடை போனாப் போகட்டும். இந்தப் பொண்ணு திரையில வர்றப்ப, 'கதை'ன்னு போட்டு என் பேர் வரணும். இவ்வளவுதான் கேக்குறேன்.

உடம்பைக் கவனிச்சுக்கோ.

தங்கச்சி

ஆகஸ்ட் 10

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் நலம்.

நீ கேட்டதை யோசித்துப் பார்த்தேன். போஸ்டர் அச்சாகிவிட்டது. ஒப்பந்தத்தில் கதை என் பெயரில் இருக்கிறது. பேட்டியும் வந்துவிட்டது. இப்போது போய் மாற்றினால், குடையும் யாருடையது என்று கேட்பார்கள். அதோடு என் கதை முடிந்தது. நாற்பது பேர் வேலை இதில் இருக்கிறது என்பதையும் நீ நினைக்க வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. குடைக்கு மழை என்றால் பயம் என்று ஏழு வயதில் நீ சொன்னாய், சரி. அதை வைத்து ஐம்பது பாகம் உட்கார்ந்து எழுதியது யார்? கண் போனது, கழுத்து போனது, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

கடைசியில் நன்றி என்று ஒரு பட்டியல் ஓடும். அதில் மூன்றாவது வரியில் உன் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறேன். அக்கா தங்கைக்குள் இது போதாதா?

அக்கா

ஆகஸ்ட் 16

அக்காவுக்கு,

நலம்.

நன்றிப் பட்டியல்ல என் பேரைப் போட வேண்டாம். நான் உனக்கு உதவி செய்யல. எடுத்துக்கிட்டது நீ.

நீ உழைக்கலன்னு நான் எங்கயும் எழுதலயே. திரும்ப எடுத்துப் படிச்சுப் பாரு.

வாலு பரீட்சைக்குப் படிக்கிறா. நான் வண்டியை எடுக்கணும்.

தங்கச்சி

அக்டோபர் 20

என் தங்கச்சிக்கு,

ரெண்டு மாசமா ஒரு வரி எழுதல. நீ நல்லா இருக்கியான்னு கேக்கக்கூட வாய் வரல. வாலு பரீட்சை நல்லா எழுதினாளா? உன் முதுகு எப்படி இருக்கு? நான் உடம்பால சௌக்கியம்.

நடந்ததைச் சொல்றேன். ஆறு பாகம் எழுதி முடிச்சாச்சு. ஏழாவதுல என்னன்னு போன செவ்வாக்கிழமை கமிட்டி உக்காந்துச்சு. பென்சில், காகிதம், தண்ணி கிளாஸ் எல்லாம் முன்னாடி இருக்கு. நான் வாயைத் திறக்குறேன், பழைய சரக்கு எல்லாம் தானா வருது. அவளுக்கு ஒரு எதிரியை வெக்கலாம், எதிரிக்குக் கருப்பு உடை கொடுக்கலாம், தலகாணியைப் பேச வெக்கலாம். தலகாணியைப் பேச வெக்கலாம்னு நான் சொன்னேன். சொன்னதும் எனக்கே என் மேல அருவருப்பா இருந்துச்சு. பொம்மைக் கம்பெனிக்காரர், அவர்தான் பேசுற பொம்மை கேக்குற ஆளு, அவரே முகத்தைச் சுளிச்சார். 'அம்மா, இந்தப் பொண்ணு உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணுன்னு சொன்னீங்களே. அவ அடுத்து என்னதான் செஞ்சா? அதைச் சொல்லுங்க'ன்னார். மரியாதையாத்தான் கேட்டார்.

'எனக்குத் தெரியாது'ன்னு சொன்னேன். 'அவ என் தங்கச்சி உருவாக்கின பொண்ணு. என் தங்கச்சி பஸ் ஓட்டுறா, பஸ்ல அவளைக் கண்டுபிடிச்சா. குடையும் அவளோடதுதான்.'

தயாரிப்பாளர் எழுந்து கதவைச் சாத்தினார். அதுக்கப்புறம் அரை மணி நேரம் நான் கேட்டுக்கிட்ட திட்டு எல்லாம் கேக்க வேண்டியதுதான். சுருக்கமாச் சொல்றேன். தலைவி நாற்காலி இனி எனக்கு இல்ல. எனக்கு அப்புறம் சேர்ந்த ஒருத்தி அதுல உக்காருவா, நல்ல பொண்ணு. நான் குழுவுல ஒரு ஆளா இருக்கலாம்னு விட்டாங்க. குடையைப் பத்திப் பத்திரிகைக்கு நானே எழுதிக் கொடுத்துட்டேன், அடுத்த இதழ்ல வரும். தொடரை நிறுத்தல. யார் யோசிச்சாங்கன்னு எனக்குக் கவலை இல்ல, ஏழாவது பாகம் யார் சொல்லப் போறாங்கன்னுதான் கவலைன்னு பொம்மைக்காரர் சொல்லிட்டார்.

டைட்டில்ல 'கதை'ன்னு உன் பேர் வரும், இனிஷியலோட. என் பேர் அதுல வராது, அதுதான் நியாயம். ஒப்பந்தக் காகிதம் உனக்குத் தனியா வரும், நிதானமாப் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு.

பன்னிரண்டு தொடர் ஏன் ஒரே மாதிரி இருந்துச்சுன்னு கேட்டா, இப்பத்தான் பதில் தெரியுது. உன்கிட்டேருந்து எடுத்தது ஒரே ஒரு குடை. அதையே தொப்பியாவும் ஷூவாவும் பையாவும் தேச்சுக்கிட்டிருந்தேன். நானா ஒண்ணும் யோசிச்சதே இல்ல. உன்னைக் கேட்டிருக்கலாம், கேட்டா உன் பேரைச் சொல்லணுமே, அதுக்காகக் கேக்கல. ஆகஸ்டுல நான் எழுதினது கேவலமான கடிதம். என்னை மன்னிச்சுடு. உடனே மன்னிக்கணும்னு இல்ல.

அக்கா

நவம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க மூணு பேரும் சுகமா இருக்கோம். வாலு பாஸ். முதுகு அப்படியேதான் இருக்கு, தலகாணியை மட்டும் புதுசா ஒண்ணு கொடுத்தாங்க. நீ சரியாச் சாப்பிடுறியா? நாற்காலி போனதுக்காக ராவும் பகலும் உக்காந்து அழுதுக்கிட்டிருக்காத.

ஒப்பந்தம் வந்துச்சு. கடைசி ஸ்டாப்புல உக்காந்து மூணு நாள் படிச்சேன். என் பேரை அச்சுல பாத்ததும் ஸ்டியரிங் மேல தலையைச் சாய்ச்சுக்கிட்டேன். டயம் கீப்பர் வந்து ஜன்னலைத் தட்டி, 'என்னம்மா, மயக்கமா'ன்னார். ஒண்ணுமில்ல, பேர் பாத்தேன்னு சொன்னேன். அவருக்கு ஒண்ணும் புரியல.

செருப்புக்குள்ள இருந்த கல்லு போயிடுச்சு. ஆனா கையெழுத்துப் போடல. அதுல ஒரு தப்பு இருக்கு.

நீ ஒண்ணும் யோசிச்சதே இல்லன்னு எழுதியிருக்க. உன் பழைய கடிதத்தை எல்லாம் எடுத்துப் பாத்தேன். நான் முதல்ல எழுதினது இவ்வளவுதான்: அவ வருவா, அசதியை வாங்குவா, தூங்குவா, எட்டு மணிக்கு அவங்க அம்மா வந்து கூட்டிக்கிட்டுப் போவாங்க. அதோட என் கதை முடிஞ்சுது. தூக்கிட்டுப் போனது நாம இல்லையான்னு எழுதினவ நீ. படி திரும்புற இடம், சுவத்துல இடிச்ச தலை, அங்கயே உக்காந்து சிரிச்சது, அவ தூங்குற தைரியத்துல பேசாததை எல்லாம் பேசினது, எல்லாம் நீ. இல்லாத பொண்ணை நீ எங்கேருந்துக்கா ஞாபகம் வெச்சுக்குவ? ஞாபகம்னு நெனச்சுக்கிட்டு நீயாத்தான் கட்டியிருக்க. கமிட்டியில உங்க டைரக்டர் கண்ணைத் துடைச்சது என் பொண்ணு தூங்கினதுக்கா, உன் பொண்ணுங்க தூக்கினதுக்கான்னு அவரையே கேட்டுப் பாரு.

இது தயவு பண்ணிச் சொல்றதில்ல. உனக்கு நான் தயவு பண்ற நெலமையில இன்னும் இல்ல. உண்மை அதுதான், அதனால சொல்றேன். 'கதை'ன்னு போட்டு நம்ம ரெண்டு பேர் பேரும் வரணும், என்னோடது முதல்ல. காகிதத்தை மாத்தி அனுப்பச் சொல்லு, கையெழுத்துப் போடுறேன்.

ஏழாவது பாகத்துக்கு என்கிட்டயும் ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டி கிடையாது. பழசு எதையும் தேடாம கையை வீசிக்கிட்டு வா. எல்லாரோட அசதியையும் வாங்கிக்கிட்டவ, தன்னோட அசதியை யார்கிட்ட கொடுப்பான்னு எனக்கு இன்னும் தெரியல. உனக்குத் தெரியுமா?

உன் தங்கச்சி